பல்கலைக்கழகம் தேடிய பொருள்

கல்விக்கு அரசர் கொடையும் செல்வர் கொடையும் துணைநின்ற செய்திகளை எந்நாட்டு வரலாற்றிலும் காணலாம். பாடசாலை கட்டுவதற்கும் ஆசிரியரைப் பேணுவதற்கும் ஏழை மாணவருக்கு உண்டியும் உறையுளும் அளிப்பதற்கும் பொருள் வழங்கியோர் பலர். ஆனால், ஆராய்ச்சி என்பது வேறு வகையான செலவாகும். பாடசாலை கட்டுவோன் தன் பணம் சென்ற இடத்தைச் சுவராகவும் கூரையாகவும் கண்ணாற் காண்பான். ஆராய்ச்சிக்குக் கொடுப்போன் அவ்வாறு காண்பதற்கில்லை. பத்து ஆண்டுகள் பாடுபட்ட பின்னரும் பயன் ஒன்றும் கிடையாமற் போகலாம். தேடியது ஒன்றாகவும் கிடைத்தது வேறொன்றாகவும் இருக்கலாம். முடிவு தெரியாத முயற்சிக்கு யார் பொருள் கொடுப்பர்? அதிலும், இன்னும் பெயர்பெறாத இளைஞன் ஒருவனுடைய முயற்சிக்கு யார் கொடுப்பர்?

இவ்வினாவுக்கு உலகம் நெடுங்காலமாக இரண்டு விடைகளையே அறிந்திருந்தது. ஒன்று, அரசாங்கத்தின் திறைசேரி. மற்றொன்று, செல்வர்களின் நன்கொடை. திறைசேரியில் இருந்து வரும் பணம் அரசியலின் காற்றுக்கு ஏற்ப ஏறியும் இறங்கியும் வரும். செல்வர் தரும் பணத்தோடு சில வேளைகளிற் செல்வருடைய விருப்பமும் சேர்ந்து வரும். இவ்விரண்டுமல்லாத மூன்றாவது விடையொன்றை ஐக்கிய அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் 1925 ஆம் ஆண்டிற் கண்டது. தன் ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தவற்றிலிருந்து வரும் ஊதியத்தை ஒரு நிதியமாகத் திரட்டி, அந்நிதியத்தின் வருவாயைத் தன் ஆராய்ச்சியாளருக்கும் ஆராய்ச்சி பயிலும் மாணவருக்குமே திரும்பப் பங்கிட்டுக் கொடுத்தல் என்பதே அவ்விடை. அஃது எளிய விடைபோலத் தோன்றும். ஆனால், அதனுள்ளே பெரிய நன்மையொன்றும், எளிதில் தீராத வழக்கொன்றும் அடங்கியிருந்தன.

விசுக்கொன்சின் என்பது அமெரிக்காவின் வடபால், பேரேரிகளின் கரையில் அமைந்த மாநிலம். பனிக்காலம் நீண்டது, மாடு வளர்த்தலும் பாற்பண்ணையுமே அக்காலத்தில் அங்கிருந்த மக்களின் முதன்மையான சீவனம். அம்மாநிலத்தின் தலைநகராகிய மடிசனில் 1848 இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கொள்கையாற் புகழ்பெற்றது. பல்கலைக்கழகத்தின் எல்லை அதன் மதிலோடு முடிவதன்று, மாநிலத்தின் எல்லையே அதன் எல்லை என்பது அக்கொள்கை. 1903 முதல் 1918 வரை அதன் தலைவராயிருந்த சாள்ஸ் வான் ஹைஸ் என்பார், மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பல்கலைக்கழகத்தின் நன்மை சென்று சேரவேண்டும் என்று வற்புறுத்தினார். ஆகவே, அங்கு வேளாண்மைக் கல்லூரியின் ஆய்வுகூடமும் கமக்காரனுடைய மாட்டுத்தொழுவமும் ஒன்றுக்கொன்று அயல்வீடுகளைப் போலவே இருந்தன.

இக்கொள்கைக்குச் சான்றாக விளங்கியவர் ஸ்ரீபன் பாப்கொக் என்னும் இரசாயனப் பேராசிரியர். பாலிலுள்ள கொழுப்பின் அளவை எளிதில் அறியும் முறையொன்றை அவர் 1890 இற் கண்டார். அதற்கு முன் பாலுக்கு எடையை நோக்கியே விலை கொடுக்கப்பட்டது. நீர் கலந்தவனுக்கும் நற்பால் தந்தவனுக்கும் ஒரே விலை. பாப்கொக்கின் முறை இந்த அநீதியை ஒழித்தது. அவர் விரும்பியிருந்தால் அதற்கு ஆக்கவுரிமை பெற்றுச் செல்வராயிருக்கலாம். அவர் அதனை உலகுக்கு இலவசமாக வழங்கிவிட்டார். அவருடைய பெயர் பாற்பண்ணை நாடுகள் எங்கும் பரவிற்று. அறிஞன் ஒருவன் தன் கண்டுபிடிப்பை விலைபேசுதல் தகாது என்னும் எண்ணம் அக்காலத்தில் வலுவாக இருந்தமைக்கு அவர் வாழ்க்கையே எடுத்துக்காட்டு.

பாப்கொக்கின் மனத்தில் மற்றுமோர் ஐயம் நெடுநாளாக இருந்து வந்தது. இரசாயனப் பகுப்பிலே சமமாகத் தோன்றும் இரண்டு உணவுகள் உடலுக்கும் சமமான பயனைத் தருமா என்பதே அவ்வையம். அவருடைய தூண்டுதலால் 1907 முதல் 1911 வரை மடிசனில் ஒரு பரிசோதனை நடந்தது. பதினாறு இளம் பசுக்கன்றுகளை நான்கு கூட்டமாகப் பிரித்தனர். ஒரு கூட்டத்துக்குச் சோளப்பயிரின் பகுதிகளை மாத்திரம் கொடுத்தனர், ஒன்றுக்குக் கோதுமை, ஒன்றுக்கு ஓற்சு, நான்காவதற்கு மூன்றும் கலந்த உணவு. பகுப்பின்படி எல்லா உணவும் ஒன்றே. ஆனால், சோளம் உண்டவை கொழுத்து வளர்ந்து நலமான கன்றுகளை ஈன்றன. கோதுமை உண்டவை மெலிந்து, பார்வை குன்றி, இறந்த கன்றுகளை ஈன்றன. இரசாயனத் தராசுக்கு அகப்படாத ஏதோ ஒன்று உணவில் உண்டு என்பது அப்போது புலனாயிற்று. அதனைத் தேடிச் சென்ற வழியிலேதான் 1913 இல் எல்மர் மக்கொலமும் மாகரீற் டேவிசும் பின்னர் விற்றமின் ஏ என்று பெயர்பெற்ற சத்தை அதே பல்கலைக்கழகத்திற் கண்டனர்.

அந்தக் கன்றுகளைப் பேணி அளவெடுத்த மாணவ உதவியாளருள் ஹாரி ஸ்டீன்பொக் என்பவரும் ஒருவர். 1886 இல் விசுக்கொன்சின் கமக்காரக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், அப்பல்கலைக்கழகத்திலேயே பயின்று, அங்கேயே பேராசிரியரானார். மாணவனாயிருக்கும்போது தொழுவத்திலே கண்ட வியப்பே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

அக்காலத்தில் வடநாட்டு நகரங்களின் குழந்தைகளை றிக்கெற்ஸ் என்னும் எலும்பு நோய் வாட்டியது. எலும்பு உறுதி பெறாமையாற் கால்கள் வில்லைப்போல வளையும், நெஞ்செலும்பு குழியும், குழந்தை நடக்கத் தொடங்கும் காலத்தில் நடக்கமாட்டாது. சூரிய ஒளி காணாத நெருக்கமான சேரிகளிலும் புகைசூழ்ந்த தொழில் நகரங்களிலும் அந்நோய் மிகுந்திருந்தது. வெயிலுக்குக் குறைவில்லாத நம் நாட்டவர் அதன் கொடுமையை எளிதில் உணரமாட்டார். 1919 ஆம் ஆண்டில் இருவேறு நாடுகளில் இருவேறு மருந்துகள் காணப்பட்டன. இங்கிலாந்தில் எட்வேட் மெலன்பி என்பார் மீனெண்ணெய் அந்நோயைத் தடுக்கும் என்பதை நாய்க்குட்டிகளைக்கொண்டு நிறுவினார். பேர்ளினில் குர்ற் ஹுல்ட்சின்ஸ்கி என்னும் மருத்துவர் ஊதாக்கடந்த கதிர்களைக் குழந்தைகளின் உடலிற் பாய்ச்சி நோயைத் தீர்த்தார். எண்ணெய்க்கும் ஒளிக்கும் என்ன உறவு என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஸ்டீன்பொக் அவ்வுறவைக் கண்டார். எலிகளுக்குக் கதிர் காட்டினால் அவை நலமடைந்தன; எலிகளை விட்டுவிட்டு அவற்றின் உணவுக்குக் கதிர் காட்டினாலும் அவை நலமடைந்தன. ஒளியானது உணவிலுள்ள ஒரு பொருளை மாற்றி, நோய் தீர்க்கும் சத்தாக்குகின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. இன்று விற்றமின் டி என வழங்குவது அச்சத்தேயாம். நியூயோர்க் நகரத்து மருத்துவர் அல்பிரட் ஹெஸ் என்பாரும் ஏறத்தாழ அதே காலத்தில் இவ்வுண்மையைத் தனியே கண்டார். ஸ்டீன்பொக் தம் முடிவுகளை 1924 இல் வெளியிட்டார். ஒரு விளக்கும் சில நிமிடங்களும் இருந்தாற் போதும், மிகவும் மலிவான உணவையும் நோய்க்கு மருந்தாக்கலாம் என்பது அதன் பொருள்.

இப்பொழுது ஸ்டீன்பொக்கின் முன் ஒரு கேள்வி நின்றது. பாப்கொக்கைப் போல இதனை உலகுக்கு விட்டுவிடுவதா? அல்லது ஆக்கவுரிமை பெறுவதா? சரியான கதிரும் சரியான அளவும் இல்லாமல், வெறும் பெயரை மாத்திரம் காட்டி மக்களை ஏமாற்றும் வணிகர் தோன்றுவர் என்று அவர் அஞ்சினார். மற்றோர் அச்சமும் அவருக்கிருந்தது. வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயினாலும் பிற கொழுப்பினாலும் செய்யப்படும் மாஜரீன் அக்காலத்திற் பாற்பண்ணையாளருக்குப் பெரும் போட்டியாயிருந்தது. மாஜரீன் உற்பத்தியாளர் இம்முறையைக் கைக்கொண்டால், தம் மாநிலத்துக் கமக்காரர் வீழ்ந்துபோவர் என்றும் அவர் கருதினார். ஆகவே, தம் சொந்தப் பணத்தில் 300 டொலரைச் செலவிட்டு ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார்.

அவருக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்திற் பான்ரிங்கும் அவர் தோழரும் இன்சுலினைக் கண்டபோது, 1923 இல் அதன் ஆக்கவுரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கே விற்றுவிட்டனர். மருந்து செம்மையாகச் செய்யப்படுவதைக் காப்பதே அவர்களுடைய நோக்கம். ஸ்டீன்பொக்கும் தம் உரிமையைத் தமக்கென வைத்துக்கொள்ள விரும்பவில்லை. குவேக்கர் ஓற்சு என்னும் உணவுக் கம்பனி, பத்து இலட்சம் டொலரை எட்டும் பெருந்தொகையை அவருக்குத் தர முன்வந்தது என்பர். ஒரு பேராசிரியர் வாழ்நாளெல்லாம் உழைத்தும் ஈட்டவியலாத தொகை அது. அவர் அதனை மறுத்தார். இவ்வூதியம் ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. ஆகவே ஆராய்ச்சிக்கே செல்லவேண்டும் என்பது அவர் முடிபு.

ஆனால், உரிமையை யாரிடம் ஒப்படைப்பது? பல்கலைக்கழகத்தின் பரிபாலன சபை அரசாங்கத்தோடு தொடர்புற்றது. வாணிகம் நடத்துதலும் வழக்காடுதலும் அதன் தொழிலல்ல. அன்றியும், சபையிடம் வரும் பணத்தைக் கண்டு அரசாங்கம் தன் மானியத்தைக் குறைத்துவிடவும் கூடும். வேளாண்மைக் கல்லூரியின் பீடாதிபதி ஹாரி ரசல், பட்டப்பின் படிப்புக்குப் பொறுப்பான பீடாதிபதி சாள்ஸ் சிலிக்டர் ஆகிய இருவரும் இதற்கு ஒரு வழி தேடினர். சிலிக்டர் கணித பேராசிரியர். ஆயினும் மனிதரை அணுகும் வகையும் அறிந்தவர். அவர் சிக்காகோவிலும் நியூயோர்க்கிலும் வாழ்ந்த பழைய மாணவரை நாடினார். அவர்களுள் ஒன்பதின்மர் ஆளுக்கு 100 டொலர் கொடுத்தனர். இவ்வாறு சேர்ந்த 900 டொலரை முதலாகக்கொண்டு, 1925 நவம்பர் 14 ஆந் திகதி 'விசுக்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி நிதியம்' சட்டப்படி நிறுவப்பட்டது. சிக்காகோவின் வழக்கறிஞராகிய ஜோர்ஜ் ஹெயிற் அதன் முதற்றலைவரானார். நிதியம் பல்கலைக்கழகத்துக்காக உழைப்பது. ஆனால் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்கு வெளியே நிற்பது.

இதே ஆண்டில் நிகழ்ந்த மற்றொரு செய்தியையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். 1925 ஓகஸ்ற் மாதத்திற் பல்கலைக்கழகத்தின் பரிபாலன சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பெருஞ்செல்வர் நிறுவிய கல்வி அறக்கட்டளைகளிடமிருந்து இனிமேல் நன்கொடை பெறுவதில்லை என்பதே அத்தீர்மானம். எண்ணெய்க் கம்பனியாற் செல்வம் குவித்த றொக்பெலர் போன்றோரின் பணம் பல்கலைக்கழகத்தின் சுதந்திரத்தைக் கெடுக்கும் என்று சபையிற் பெரும்பான்மையோர் கருதினர். கொள்கை உயர்ந்ததே, ஆனால் ஆய்வுகூடத்தின் விளக்கு கொள்கையினால் மட்டும் எரியாது. ஒரு கதவை அடைத்த சில மாதங்களுள் மற்றொரு கதவு உள்ளேயிருந்தே திறக்கப்பட்டமை வரலாற்றின் விந்தை. அத்தீர்மானம் 1930 இல் நீக்கப்பட்டது.

நிதியம் தொழிற்பட்ட முறை கவனிக்கத்தக்கது. கண்டுபிடித்தவருக்கு அக்காலத்தில் நிகர வருமானத்தில் 15 சதவீதம் அளிக்கப்பட்டது. எஞ்சியதை நிதியம் உடனே செலவிடுவதில்லை. முதலாகச் சேர்த்து, பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் இட்டு, அதிலிருந்து வரும் வருவாயையே பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும். நெல்லை விதைக்கென வைத்து, விளைந்ததை மட்டும் உண்ணும் கமக்காரனுடைய முறை அது. இனி, கொடுத்த பணத்தை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது என்பதில் நிதியம் தலையிடுவதில்லை. அது பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் குழுவுக்கு உரிய கருமம். 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது தமிழர் பழமொழி. அளக்கும் கோல் பணம் கொடுத்தவர் கையில் இராமல், துறையறிந்த பேராசிரியர் கையில் இருந்தமையே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை.

முதல் அனுமதி 1927 இற் குவேக்கர் ஓற்சுக் கம்பனிக்கே வழங்கப்பட்டது. தனி மனிதனிடம் விலைக்கு வாங்க முயன்றதை, அக்கம்பனி இப்போது நிதியத்திடம் உரிமைக்கட்டணம் செலுத்திப் பெற்றது. ஆக்கவுரிமை 1928 இற் கிடைத்தது. மருந்துக் கம்பனிகளும் அனுமதி பெற்றன. அவ்வாண்டிலேயே நிதியம் பல்கலைக்கழகத்துக்குத் தன் முதலுதவியை அளித்தது. அதன் தொகை 1,200 டொலர். பெருமையாகப் பேசத்தக்க தொகையன்று. ஆனால், ஆராய்ச்சிக்கூடத்தின் வாழ்வை அறிந்தவர்க்கு அதன் அருமை தெரியும். எலிக்கூடு சிலவும், கண்ணாடிக் குழாய் சிலவும், ஒரு மாணவ உதவியாளனுக்கு மாதாந்தப் படியும் கிடைத்தால், ஒரு கேள்விக்கு விடைதேடும் வேலை ஓராண்டு நடைபெறும். அவ்வுதவி இல்லையெனில், அக்கேள்வி பேராசிரியருடைய குறிப்பேட்டிலேயே உறங்கிவிடும்.

அடுத்து வந்தது 1929 இன் பொருளாதார வீழ்ச்சி. விசுக்கொன்சினிலும் பால்விலை விழுந்தது, வரி குறைந்தது, மாநில அரசாங்கம் பல்கலைக்கழகத்தின் மானியத்தைக் குறைத்தது, ஆசிரியர் சம்பளமும் வெட்டுண்டது. இத்தகைய காலங்களில் முதலிற் கைவிடப்படுவோர் இளம் ஆராய்ச்சியாளரே. பேராசிரியருக்குப் பதவியுண்டு, பட்டம் பெறாத மாணவனுக்குப் பெற்றோர் வீடுண்டு, பட்டம் பெற்று, பதவி பெறாது, ஆய்வுகூடத்தில் நிற்கும் இளைஞனுக்கு ஒன்றுமில்லை. நிதியத்தின் உதவிப்பணம் அவ்விளைஞர் பலரை மடிசனிலேயே நிறுத்தி வைத்தது. பேராசிரியர் சிலருக்கும் கற்பித்தலிலிருந்து விடுப்பளித்து, ஆராய்ச்சியில் முழுநேரமும் ஈடுபட அது வழிசெய்தது. பிற இடங்களில் விளக்குகள் அணைந்தபோது மடிசனில் அவை எரிந்துகொண்டிருந்தமைக்கு இதுவே காரணம். அங்கு செழித்த உயிரிரசாயனப் பகுதியிலேதான் கொன்ராட் எல்வேயெம் என்பாரும் அவர் மாணவரும் 1937 இல் நிக்கொற்றினிக் கமிலத்தின் பயனைக் கண்டனர். அமெரிக்காவின் தென்பகுதியில், சோளமா ஒன்றையே உண்டு வாழ்ந்த ஏழை மக்களைப் பெலாக்கிரா என்னும் கொடிய நோயிலிருந்து மீட்ட கண்டுபிடிப்பு அது.

இங்கு, ஆராய்ச்சியின் பயன் எதிர்பாராத வாயிலாலும் வரும் என்பதைக் காட்டும் செய்தியொன்று உண்டு. 1933 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பனிப்புயல் வீசிக்கொண்டிருந்தது. கமக்காரர் ஒருவர் ஏறத்தாழ 190 மைல் தூரம் வண்டியோட்டி மடிசன் வந்து சேர்ந்தார். அவருடைய வண்டியில் இறந்த இளம்பசு ஒன்று, பழுதடைந்த குளோவர்ப் புல் ஒரு பொதி, பால்வாளி ஒன்று. வாளியிற் பாலில்லை; உறையாத இரத்தம் இருந்தது. அவருடைய மாடுகள் காரணம் தெரியாது இரத்தம் கசிந்து இறந்துகொண்டிருந்தன. அரச மிருக வைத்தியரின் அலுவலகம் மூடிக்கிடந்தது. திறந்திருந்த கதவு கால் போல் லிங்க் என்னும் உயிரிரசாயனப் பேராசிரியரின் ஆய்வுகூடக் கதவு. பூஞ்சணம் பிடித்த அப்புல்லை ஊட்டவேண்டாம் என்பதைத் தவிர, லிங்க் அன்று அவருக்குச் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. கமக்காரர் புயலூடே திரும்பிச் சென்றார். வாளியிலிருந்த இரத்தம் ஆய்வுகூடத்தில் நின்றது.

லிங்கும் அவருடைய மாணவரும் ஆண்டுக்கணக்காக அப்புல்லை ஆராய்ந்தனர். இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருளை 1939 இற் பளிங்குருவிற் பிரித்தெடுத்தனர். அடுத்த ஆண்டில் அதன் அமைப்பை அறிந்து, டைக்கூமரோல் என்று பெயரிட்டனர். மாட்டைக் கொன்ற பொருள் மனிதனைக் காக்கும் மருந்தாயிற்று. இரத்தக்குழாயிற் கட்டி அடைக்கும் நோய்களுக்கு மருத்துவர் அதனைப் பயன்படுத்தினர். அதனோடு உறவுடைய பொருள்கள் பலவற்றை ஆக்கிய லிங்க், அவ்வரிசையில் 42 ஆவது பொருள் எலிகளைக் கொல்லுதற்குச் சிறந்தது எனத் தேர்ந்தார். 1948 இல் அது விற்பனைக்கு வந்தது. அதற்கு இட்ட பெயர் வார்பரின். நிதியத்தின் ஆங்கிலப் பெயரிலுள்ள நான்கு சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'வார்ப்' என்னும் சொல் வரும். அதுவே அப்பெயரின் தலைப்பகுதி. எலி நஞ்சாக வந்த அது, 1954 இல் மனிதருக்குரிய மருந்தாகவும் ஏற்கப்பட்டது. மறுவருடம் மாரடைப்புற்ற அமெரிக்க சனாதிபதி ஐசனோவருக்கும் அது கொடுக்கப்பட்டது. இதயநோயாளர் பலர் இன்றும் அதனை உண்கின்றனர். அப்பெயரினுள்ளே ஒரு பல்கலைக்கழகத்தின் நிதியம் இருப்பதை அறிவார் சிலரே.

இவ்வளவும் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் பார்த்தல் நீதியாகும். ஆக்கவுரிமையை வைத்துப் பணம் சேர்த்தலைத் தொடக்கத்திலேயே விஞ்ஞானிகளும் மருத்துவரும் பலர் கண்டித்தனர். பொதுமக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்திற் காணப்பட்ட உண்மைக்குப் பொதுமக்கள் மீண்டும் விலை கொடுப்பதா என்று கேட்டனர். இக்கேள்வி மிகவும் கூர்மையாக எழுந்தது மாஜரீன் விடயத்திலேயாகும். மாஜரீன் உற்பத்தியாளருக்கு நிதியம் அனுமதி வழங்கவில்லை. பாற்பண்ணையாளரைக் காக்கும் எண்ணமே இதற்குக் காரணம். அம்மாநிலத்தில் நிறமூட்டிய மாஜரீன் விற்பனையே 1967 வரை சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தது என்றால், அவ்வெண்ணத்தின் வலிமையை உணரலாம். ஆனால், வெண்ணெய் வாங்க வசதியில்லாமல் மாஜரீன் உண்டவர் யார்? ஏழைகள். றிக்கெற்ஸ் மிகுந்திருந்தது யார் வீட்டில்? அதே ஏழைகள் வீட்டில்.

கலிபோர்னியாவில் அனுமதியின்றி இம்முறையைக் கையாண்ட கம்பனியொன்றின் மீது நிதியம் வழக்குத் தொடுத்தது. 1940 களின் நடுப்பகுதியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஸ்டீன்பொக்கின் ஆக்கவுரிமைகள் செல்லா எனத் தீர்த்தது. சூரியன் நெடுங்காலமாகச் செய்து வருவதையே விளக்கும் செய்தது என்பது தீர்ப்பின் சாரங்களுள் ஒன்று. ஏழைகள் உண்ணும் உணவுக்கு இவ்வுரிமையை மறுத்தல் பொதுநலத்துக்கு மாறானது என்பதையும் நீதிமன்றம் சுட்டியது. அரசாங்கமும் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்தது. 1946 இல் நிதியம் அவ்வாக்கவுரிமைகளைப் பொதுமக்களுக்கு உரியனவாக விட்டுக்கொடுத்தது. முதலுரிமையின் பதினேழு ஆண்டுக் காலமும் அதற்குள் முடிந்திருந்தது. கதிரூட்டிய பாலும் விற்றமின் சேர்த்த உணவும் அமெரிக்கா எங்கும் பரவியமையால், றிக்கெற்ஸ் அக்காலத்துள் அங்கே அரிய நோயாகிவிட்டது. அப்புகழில் ஸ்டீன்பொக்குக்குப் பங்குண்டு. மாஜரீன் உண்ட குழந்தைகளுக்கு அந்நன்மை காலந்தாழ்ந்து சென்றதென்றால், அப்பழியிலும் பங்குண்டு.

மற்றுமொரு குறையும் இருந்தது. முதற் காலத்தில் நிதியத்தின் பணம் இயற்கை விஞ்ஞானத் துறைகளுக்கே சென்றது. வரலாறு, மொழி, தத்துவம் முதலிய துறைகளில் உழைத்தோர் அதன் நிழலுக்கு வெளியே நின்றனர். உயிரிரசாயனம் ஆக்கவுரிமை தரும்; பழைய ஏட்டை ஆராய்பவன் எந்த ஆக்கவுரிமையைத் தருவான்? ஆயினும், பல்கலைக்கழகம் என்பது ஒரு குடும்பம். உழைத்துப் பொருளீட்டும் மகனுக்கு மட்டும் சோறிட்டு, கற்றுக்கொண்டிருக்கும் மகனைப் பட்டினியிடும் குடும்பம் நிலையாது. பின்னாளிற் சமூக விஞ்ஞானத்துக்கும் கலைத்துறைகளுக்கும் நிதியத்தின் உதவி விரிந்தது. பணம் ஈட்டாத துறைக்கும் பங்களித்தலே, உள்ளிருந்து எழும் நிதியை வாணிகத்திலிருந்து வேறுபடுத்துவது.

ஸ்டீன்பொக் 1967 டிசம்பர் 25 ஆந் திகதி காலமானார். அவரிடம் பயின்று 1955 இற் கலாநிதிப் பட்டம் பெற்றவர் ஹெக்டர் டிலூக்கா. அவரும் அதே பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி, அதே விற்றமின் டியையே ஆராய்ந்தார். உண்ட சத்து உடலினுள்ளே ஈரலிலும் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்த பின்னரே தொழிற்படுகின்றது என்னும் உண்மை அவருடைய ஆய்வுகூடத்தின் பணியால் விளக்கம் பெற்றது. அதன் வழியே சிறுநீரக நோயாளருக்கும் எலும்பு நோயாளருக்கும் உரிய மருந்துகள் பிறந்தன. அம்மருந்துகளின் ஆக்கவுரிமைகளால் வந்த பணம் மீண்டும் அதே நிதியத்தைச் சேர்ந்தது. ஆசிரியர் இட்ட விதையின் விளைச்சலிலே மாணவர் பயின்றார். அம்மாணவர் இட்ட விதையின் விளைச்சலிலே வேறு மாணவர் பயின்றனர்.

ஒன்பதின்மர் இட்ட 900 டொலரில் தொடங்கிய அந்நிதியம் ஒரு நூற்றாண்டு கடந்தும் நின்று நிலவுகின்றது. ஆண்டுதோறும் அது வழங்கும் பணம் இன்று கோடிக்கணக்கான டொலராகும். பேராசிரியர் தம் கேள்விகளை எழுதிக் குழுவின்முன் வைப்பதும், சக பேராசிரியர் அவற்றைப் படித்துத் தரம் காண்பதும், தகுதி கண்டவர்க்கும் அவர்கீழ்ப் பயிலும் மாணவர்க்கும் உதவி கிடைப்பதும் ஆகிய வழக்கம் தொடர்கின்றது. பிற பல்கலைக்கழகங்களும் இம்முறையைப் பார்த்துத் தத்தம் நிதியங்களை அமைத்தன. அவற்றுள் எல்லாம் செழித்தன என்பதற்கில்லை. ஒரு ஸ்டீன்பொக்கும் ஒரு சிலிக்டரும் ஒருங்கே கிடைத்தல் எளிதன்று.

பாப்கொக் தம் கண்டுபிடிப்பை விலையின்றிக் கொடுத்தார். கமக்காரர் எல்லாரும் உடனே பயன்பெற்றனர். ஸ்டீன்பொக் தம் கண்டுபிடிப்பைக் காவலிட்டு வைத்தார். இன்னும் பிறவாத ஆராய்ச்சிகளுக்கு அது உணவளித்தது. ஒருவர் அன்றிருந்தவர்க்கு வழங்கினார். மற்றவர் பின்வருவோர்க்கு வைத்தார். இரண்டும் அறமே. ஆனால், பின்வருவோருக்கெனச் சேர்க்கும் பொருளுக்கு அன்றிருந்த ஏழையின் குழந்தை விலை கொடுக்க நேர்ந்தது என்பதை நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது. ஆராய்ச்சிக்குப் பொருள் தேடும் எந்தப் பல்கலைக்கழகமும், அப்பொருள் யாருக்குச் செல்கின்றது என்று கணக்கு வைப்பது போலவே, யாரிடமிருந்து வருகின்றது என்றும் கணக்கு வைத்தல் வேண்டும். மடிசன் நகரத்து நிதியத்தின் வரலாற்றில் அவ்விரண்டு கணக்குகளும் அருகருகே எழுதப்பட்டுள்ளன.